ஆங் என்றால் ஆமாம் இல்லை

1

ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்த நாளை எங்கள் வீட்டில் இரண்டு விதமாகக் கணக்குப் பண்ணுகிறோம். என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையைப் பார்த்துச் சொல்வார். நான் ஆடிக் கிருத்திகையை வைத்துச் சொல்வேன். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற குடும்பம், காவடி எடுத்தவர்கள் இல்லை. ஆனாலும் திருத்தணியில் பிறந்தவளுக்கு அந்த நாள் எப்படி மறக்கும்? கனகம்மாசத்திரத்திலேயே போலீஸ் வண்டிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தது. மஞ்சள் துணி கட்டிய கூட்டம் எதிரே வந்துகொண்டே இருக்க, நாங்கள் மட்டும் பெட்டிகளோடு விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். "ஒலகமே உள்ள வந்துகினு இருக்குது, நீங்க இன்னாமா வெளிய போறீங்க?" என்று கார் ஓட்டியவர் கேட்டார். நல்ல கேள்வி.

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகையன்று, இங்கே நடுக்குளிர்காலத்து மழையில், எங்கள் பகுதி நூலகத்தில் நின்றுகொண்டு சண்டை போட இடம் கேட்டேன். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் அறை பதிவு செய்யக் கூடாதாம். அதனால் என் மகள் ஷெரின் என்னை அனுப்பியிருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. என்னிடம் அவள் பேசுவதே ஏதாவது கையெழுத்து வேண்டியிருக்கும்போதுதான்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, என்ன நிகழ்ச்சி என்று கேட்டார்.

"சீனத்துப் பழைய சண்டை முறைகள்" என்றேன் என் ஆங்கிலத்தில்.

"தரையில் மெத்தை விரிப்பீர்களா?"

"வேண்டாம். மேஜை போதும்."

"மேஜை மேல் சண்டையா?"

"ஆமாம், மேஜை மேல்தான்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். ஆயுதம் ஏதாவது உண்டா என்று கேட்டார். ஈட்டி, வாள், நீளக் கம்பு எல்லாம் உண்டு, ஆனால் பேப்பரில் என்றேன். யாருக்காவது அடிபடுமா என்றார். எனக்குப் பொய் வராது. "சிலர் சாவார்கள். அடுத்த வாரம் எழுந்துவிடுவார்கள்" என்றேன். உடனே அவர் வேறு ஒரு தாளை எடுத்தார். "மதக் கூட்டமென்றால் இந்தப் படிவம்" என்றார்.

கடைசியில் ஷெரினுக்குப் போன் போட்டு அந்த அம்மாவிடமே கொடுத்தேன். இருவரும் சிரித்துப் பேசி, ஒரு மாதம் கழித்து வரும் சனிக்கிழமைப் பிற்பகலுக்கு அறை கிடைத்தது. "உன்னை அனுப்பினது என் தப்புமா" என்றாள் என் மகள். படிவத்தில் போட்ட கையெழுத்து என்னுடையது. கெட்ட பெயரும் என்னுடையது.

2

அது என்ன விளையாட்டு என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்கே புரிய இரண்டு வருஷம் ஆனது. நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொரு வேஷம். ஒருத்தி துறவி, ஒருத்தன் வணிகனுக்குக் காவல் போகிறவன், இப்படி. ஒருவர் மட்டும் கதை நடத்துவார். "பாலத்தில் நிற்கிறீர்கள், எதிரே கொள்ளைக்காரன் வருகிறான், என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்டால், மற்றவர்கள் தங்கள் வேஷத்துக்குத் தகுந்தபடி சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். பலகை கிடையாது, காய் கிடையாது. பேச்சும் பகடையும்தான் மொத்த விளையாட்டும்.

கடையில் விற்கும் விதிப்புத்தகங்களை வைத்து ஆடுவதுதான் வழக்கம். ஷெரினும் அவள் சிநேகிதி மெய்லினும் தாங்களே ஒன்று எழுதிக்கொண்டிருந்தார்கள். மிங் அரச வம்சம் முடிகிற காலத்துச் சீனா. அந்தக் காலத்தில் நிஜமாகவே இருந்த சண்டை முறைகள் மட்டும்தான் வரலாம். சரித்திரம் மெய்லின் பொறுப்பு, எண்கள் ஷெரின் பொறுப்பு. ஷெரினுக்கு வீரர்கள் கூரை மேல் பறக்க வேண்டும். மெய்லினுக்கு எல்லோரும் தரையில் நிற்க வேண்டும். நிஜத்தில் ஈட்டிக்காரன் வாள்காரனைக் கிட்டவே விடமாட்டான் என்று மெய்லின் நிரூபித்துவிட்டாள். அதன் பிறகு மேஜையில் எல்லோரும் ஈட்டியையே எடுத்தார்கள். அதைச் சரிக்கட்ட ஷெரின் குறுகலான சந்து, தாழ்ந்த கூரை, நெரிசலான சந்தை என்று கதையில் இடங்களைப் புகுத்தினாள். இப்படி ஒரு வருஷம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சண்டையும் சிரிப்புமாக ஓடியது.

விதிகளில் ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு "கால் எண்" உண்டு. அடிக்க வருகிறவன் ஒரு பகடை போட்டுவிட்டு, எதிராளியை "நிற்கிறாயா?" என்று கேட்பான். எதிராளி நகர்ந்துவிட்டால் அடி காற்றில் போய்விடும். நிற்கிறேன் என்றால், அடிப்பவன் அங்கேயே அடியை இறக்கலாம். இன்னும் பலமாக அடிக்க ஆசைப்பட்டால் இன்னொரு பகடை சேர்த்துக்கொண்டு மறுபடி கேட்கலாம். ஆனால் கூட்டுத்தொகை அவனுடைய கால் எண்ணைத் தாண்டினால் அவனே குப்புற விழுவான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆடும்போது யாரும் நிற்கவில்லை. எல்லோரும் உடனே நகர்ந்தார்கள்.

சீனச் சண்டை என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்ன வயதில் நகரி கொட்டகையில் பார்த்த படங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் என்பதால் தெலுங்கில் பேசும். தாடி வைத்த குரு காற்றில் எழும்பி, "ஏமிரா, நாதோனே பந்தெமா?", அதாவது என்னோடேயே பந்தயமா, என்று கேட்பார். சீனர்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இங்கே வந்து மெய்லினின் அம்மாவை முதலில் பார்த்தபோது, படித்து வேலை பார்க்கிற எனக்கு, நலமா என்று தெலுங்கில் கேட்க, நாக்கு நுனி வரைக்கும் "பாகுன்னாரா" வந்து நின்றது.

3

மெய்லின் எங்களுக்கு யார் என்று சொல்கிறேன். இங்கே வந்த புதிதில் ஷெரினுக்குப் பள்ளியில் ஒருவரும் இல்லை. அவள் பேசியது யாருக்கும் புரியவில்லை, அவர்கள் பேசியது அவளுக்குப் புரியவில்லை. மத்தியானம் கழிப்பறைக்குப் பக்கத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிடுகிறாள் என்று ஆசிரியை சொன்னபோது, நான் காருக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். அடுத்த வாரம் ஒரு சீனப் பெண் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அன்று முதல் எட்டு வருஷம் இரண்டு பேரும் பிரிந்ததில்லை.

அந்தச் சிநேகம்தான் நூலகத்தில் இடம் வாங்கிய மறுவாரமே, என் கண் முன்னால் உடைந்தது.

காரணம் தாய்ச்சி. மெதுவாகக் கையை அசைத்துச் செய்வார்களே, அது. மெய்லினின் அம்மா லின் தினமும் காலையில் பூங்காவில் செய்வார். அவர்கள் குடும்பத்துக்கு அது வெறும் உடற்பயிற்சி இல்லை. சீனாவில் ஹெனான் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த சண்டை முறை. ஷெரின் அதற்கு எழுதியிருந்த விதி இவ்வளவுதான்: "தன் முறையை விட்டுக்கொடுத்தால், வாங்கும் அடி பாதியாகும்."

மெய்லின் அதைப் படித்துவிட்டு, "சும்மா நின்று அடி வாங்குவதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பாதி அடிதானே."

"அது நிற்பது இல்லை ஷெரின். அதற்குப் பெயரே கேட்பது, காது கொடுத்துக் கேட்பது. எதிராளி கையில் கையை வைத்து, அவன் பலம் எங்கே போகிறது என்று கேட்பது. அம்மா அப்படித்தான் சொல்வார்கள்."

"கேட்பதற்கு நான் என்ன எண் போடுவேன்? அது பூங்காவில் கிழவிகள் செய்கிற பயிற்சி!"

நான் அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தேன். மெய்லின் தன் பகடைகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். "வடைக்கு நன்றி, ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கதவை அறைந்துவிட்டுப் போயிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகு போன் இல்லை, வரத்து இல்லை. பள்ளியிலும் வேறு வேறு இடத்தில் சாப்பிட்டார்களாம். மன்னிப்புக் கேள் என்றேன். "உனக்கு ஒண்ணும் தெரியாதுமா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று ஆராயத் தேவையில்லை. என் வாய்தான். கொட்டிவிட்டு உள்ளுக்குள் அழுவதும் என்னிடமிருந்து வந்ததுதான். விளையாட்டு நாள் ரத்தானால் எனக்கு ஒரு கவலையும் இல்லை. என் பெண் மறுபடி அந்த பெஞ்சில் தனியாகப் போய் உட்காருவாளோ என்பதுதான் என் பயம்.

4

இந்த நேரம் பார்த்துத்தான் என் அக்காவும் பாவாவும் ஊரிலிருந்து வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் அக்கா புருஷனைப் பாவா என்போம், அப்பாவை நைனா என்போம். தமிழும் தெலுங்கும் ஒரே தட்டில் சாப்பிட்ட ஊர். ஜெயராஜ் பாவா திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிகளை எடை போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆலைச் சத்தத்தில் பேசிப் பேசி, பக்கத்தில் இருப்பவரிடமும் லாரிக்காரனைக் கூப்பிடும் குரலில்தான் பேசுவார்.

அவருக்கு ஊரிலிருந்து எந்நேரமும் போன். கூடத்தில் நடந்துகொண்டே, "ஆங்... ஆங்... சொல்லு... ஆங்" என்பார். எங்கள் ஊர் ஆங்கைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை தேவை. ஆங் என்றால் ஆமாம். ஆங் என்றால் ஆமாம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்பதும் அதுதான். எது எப்போது என்பது சொல்கிறவருக்கே சில சமயம் தெரியாது.

அக்கா கல்யாணமே அப்படி நடந்ததுதான். மணவூரிலிருந்து ஒரு பெரியவர் நைனாவுக்குப் போன் செய்து, பையன் நல்ல பையன், ஆலையில் வேலை, குடிப்பழக்கம் இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். நைனா மரியாதைக்கு "ஆங்... ஆங்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் பூவும் பழமுமாக ஒரு வேன் கூட்டம். "நீங்கதான் ஆங்னு சொல்லிட்டீங்களே!" என்றார் பெரியவர். வேனிலிருந்து கடைசியாக இறங்கி அசடு வழிந்தவர் பாவா. அக்காவுக்கு அந்த அசடு பிடித்துப்போனது. நைனா கடைசி வரைக்கும், "நா எங்கடா சம்மதம் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே பேரப்பிள்ளைகளைக் கொஞ்சினார்.

நானும் சூடுபட்டவள்தான். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலையில் சேர்ந்த புதிதில், போனில் நோயாளிகள் வலியை விவரிக்க விவரிக்க ஆங் போடுவேன். மூன்று மணிக்கு வரலாமா என்று நடுவில் கேட்டிருப்பார்கள். அதற்கும் ஆங் போயிருக்கும். ஒரு நாள் ஒரே நாற்காலிக்கு நான்கு கன்னங்கள் வீங்கி வந்து நின்றன. டாக்டரம்மா ரொம்பப் பொறுமையாக, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ஆங்குக்குப் பதில் "ம்ஹும்" சொல்ல எனக்குப் பழக்கினார். எங்கள் ஊரில் ம்ஹும் என்றால் முடியாது என்று அர்த்தம். அவருக்கு அதை எப்படிச் சொல்வது?

5

நூலக நாள் நெருங்கியது. ரத்து செய்ய ஷெரினுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் ஒத்திகைக்கு வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். ஓர் ஆள் குறைந்தது. மெய்லினின் வேஷம், தாய்ச்சி தெரிந்த ஒரு விதவை வணிகப் பெண், தாளாக மேஜையில் கிடந்தது.

"இன்னாமா இது, தாயமா? கோலிகுண்டு மாதிரி இருக்குது!" என்று பாவா இருபது முகப் பகடையை உருட்டிப் பார்த்தார்.

"வாங்க பெரியப்பா, நீங்க ஆடுங்க. ஒண்ணும் செய்ய வேணாம். கேட்டா பதில் சொல்லுங்க, போதும்" என்றாள் ஷெரின்.

மீசை வைத்த அந்த வணிகப் பெண் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஷெரின் கதை நடத்தினாள். பாலம், மூடுபனி, கொள்ளைக்காரத் தலைவன். அவனுக்காகப் பகடை போட வேண்டியவளும் அவளே. பாவாவுக்காகத் தமிழிலும், மற்றப் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொன்னாள். அவள் இத்தனை தமிழ் ஒரே மூச்சில் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! நான் கையில் இருந்த கரண்டியோடு நின்றுவிட்டேன்.

"அவன் உங்க தோளைப் பாத்து வாளைத் தூக்கறான். நிக்கிறீங்களா?" பகடை விழுந்தது.

"ஆங்" என்றார் பாவா.

"பெரியப்பா, அவன் வெட்டப் போறான். இன்னும் வேகமா வரான். நிக்கிறீங்களா?"

"ஆங்... ஆங்."

மற்ற இரண்டு பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஷெரினுக்கு முகம் சிவந்தது. மெய்லினின் தாளை அவர் கையில் பார்ப்பதே அவளுக்குப் பொறுக்கவில்லை போல. அங்கேயே அடியை இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. ஒரே போடாகப் போட வேண்டும் என்று பகடைக்கு மேல் பகடை சேர்த்தாள்.

"ரெண்டு கையாலயும் ஓங்கிட்டான்! முழு ஒடம்பும் முன்னால வந்துடுச்சி!"

"ஆங், அப்பறம்?" என்றார் பாவா, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

கடைசிப் பகடை உருண்டு நின்றது. ஷெரின் கூட்டிப் பார்த்தாள். கால் எண் தாண்டிவிட்டது. கொள்ளைக்காரத் தலைவன் தன் வேகத்திலேயே பாலத்தின் கைப்பிடியைத் தாண்டி ஆற்றுக்குள் விழுந்தான். பிள்ளைகள் இரண்டும் கத்திக் கைதட்டின.

"எப்படிப் பெரியப்பா அவ்ளோ நேரம் தைரியமா நின்னீங்க?"

"நா எங்கமா நின்னேன்? நீ நல்லா கதை சொன்னே, கேட்டுகினு இருந்தேன்" என்றார் பாவா அப்பாவியாக.

"கேட்டுகினு..." என்றாள் ஷெரின். பிறகு இன்னொரு முறை மெதுவாக, "கேட்டுகினு" என்று தனக்குள் சொன்னாள். கண்ணில் நீர் திரண்டுவிட்டது. "அம்மா, மெய்லின் இதத்தான் சொன்னா. நா காதுலயே வாங்கல."

6

பிள்ளைகள் போனதும் ஷெரினைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மெய்லின் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, நீ போய்ப் பேசிவிட்டு வா, நான் இங்கே இருக்கிறேன் என்றேன். கார்க் கதவைத் திறந்தவள் திரும்பி, "நீயும் வாம்மா" என்றாள். நான் பெல்ட்டைக் கழற்றின வேகத்தில் விரல் நசுங்கியது.

லின் கதவைத் திறந்தார். குள்ளமான, அமைதியான பெண்மணி. ஆங்கிலம் அதிகம் வராது. என் முகத்தையும் மகள் முகத்தையும் பார்த்துவிட்டு, இருவருக்கும் வீட்டுச் செருப்பு எடுத்துப் போட்டார். சமையலறையில் மெய்லின் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஷெரின் தொண்டையைச் செருமினாள். சரியாக அந்த நேரத்தில் லின்னுக்குப் போன் வந்தது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார். பேசினார் என்று எப்படிச் சொல்வது? "ங்ங்... ங்ங்... ங்ங்" என்றார். மறுமுனையில் யாரோ ஒரு சொந்தக்காரப் பெண் மூச்சுவிடாமல் எதையோ கொட்டிக்கொண்டிருக்க, லின் தலையை ஆட்டி ஆட்டி, "ங்ங்... ங்ங்."

நான் ஷெரினைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்திருக்கவே கூடாது. மீசை மட்டும்தான் இல்லை, மற்றபடி எங்கள் பாவாவேதான். ஷெரின் வெடித்துச் சிரித்தாள். என்னாலும் அடக்க முடியவில்லை.

மெய்லின் முகம் வெளுத்துவிட்டது. "என் அம்மாவைப் பார்த்தா சிரிக்கிறாய்?"

அந்த ஒரு நொடியில் எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் இப்படி ஒரு அசம்பாவிதம் எங்கள் குடும்பத்துக்குத்தான் நடக்கும்.

"இல்லை, இல்லை! எங்கள் பெரியப்பா!" என்று ஷெரின் திணறினாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். ஆங், அதன் இரண்டு அர்த்தம், அவளுடைய பெரியம்மா கல்யாணம், பாலம், கொள்ளைக்காரன் ஆற்றில் விழுந்தது, எல்லாம். பாவாவின் குரலிலேயே, "ஆங், அப்பறம்?" என்று செய்து காட்டினாள். மெய்லின் சிரிக்கவில்லை. ஆனால் கட்டிய கை அவிழ்ந்தது. ஜன்னலருகே அவள் அம்மா இன்னும் "ங்ங்... ங்ங்" என்றுதான் இருந்தார். மெய்லின் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்தபடியே சறுக்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் ஷெரின் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "கிழவிகள் என்று சொன்னது ரொம்பத் தப்பு. உன் அம்மாவைப் போய் அப்படிச் சொல்லிவிட்டேன். எனக்கு எண் போடத் தெரியவில்லை, அந்தக் கோபம்" என்றாள். மெய்லின் சிரிப்பில் வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பகடை கொண்டுவந்திருக்கிறாயா?" என்று கேட்டாள்.

விதி அங்கேயே, அந்தச் சமையலறைத் தரையிலேயே உருவானது. தாய்ச்சிக்காரர் ஆங் போட்டு நிற்கலாம். எதிராளி கவிழ்ந்தால் அவன் சேர்த்த பலமெல்லாம் அவன் மேலேயே இறங்கும். மெய்லின் ஒரு நிபந்தனை போட்டாள். நிற்பவர், பகடை போடுகிறவரின் மணிக்கட்டில் விரல் நுனியை வைத்திருக்க வேண்டும். "தொடாமல் எப்படிக் கேட்பது?" என்றாள். ஆங் போடலாம், ங்ங் போடலாம், இரண்டும் செல்லும் என்று ஷெரின் எழுதிக்கொண்டாள். போனை வைத்துவிட்டு வந்த லின், தரையில் கிடந்த எங்கள் எல்லோருக்கும் ஒன்றும் கேட்காமல் தேநீர் ஊற்றினார்.

7

நூலகத்தில் கூட்டம் நன்றாகவே இருந்தது. கண்ணாடிப் பெண்மணி எதற்கும் இருக்கட்டும் என்று அறை மூலையில் முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். பாவா லின்னைக் கண்டுபிடித்து, கரும்பு லாரி எடை போடுவதில் என்னென்ன தில்லுமுல்லு நடக்கும் என்று தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். லின் "ங்ங்" என்றார். பாவாவுக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் நல்ல துணை.

லின் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். மெய்லின் அவரைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். எதிரே ஷெரின், கொள்ளைக்காரத் தலைவனாக. லின் தன் இரண்டு விரல்களை என் மகளின் மணிக்கட்டில் வைத்தார். பகடைகளை அவர் பார்க்கவே இல்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷெரின் போட்டாள். நிற்கிறீர்களா? "ங்ங்." இன்னொன்று. "ங்ங்." மூன்றாவதைப் போட்டுவிட்டு ஷெரின் வாயைத் திறக்கும் முன்னால், லின் விரலை எடுத்துவிட்டு ஏதோ சொன்னார். அம்மா நகர்ந்துவிட்டார்கள் என்றாள் மெய்லின். ஷெரின் வாயைப் பிளந்தாள். "இப்போது அடியை இறக்கலாம் என்றுதான் நினைத்தேன்! எப்படித் தெரிந்தது?"

லின் ஷெரினின் மணிக்கட்டை லேசாகத் தட்டிக் காட்டினார்.

மறுபடி ஆடினார்கள். இந்த முறை லின் விரலை எடுக்கவே இல்லை. ங்ங், ங்ங் என்று கடைசி வரைக்கும் போனார். கொள்ளைக்காரன் கவிழ்ந்தான். அறை முழுக்கக் கைதட்டல். லின் சிரிக்காமல் விதித் தாளை எடுத்து, மெய்லினிடம் கேட்டுக் கேட்டுப் படித்தார். பிறகு சீனத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். ஷெரின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் எதையோ பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் அது பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவருடைய சட்டைக் கை.

"அம்மா சொல்கிறார்கள்," என்றாள் மெய்லின், குரல் கொஞ்சம் உடைந்து, "இது தாய்ச்சி இல்லை. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை."

ஷெரின் எழுந்து போய் லின்னைக் கட்டிக்கொண்டாள். அவர் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் தவித்துவிட்டு, என் பெண்ணின் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பாவாவும் அக்காவும் லின்னோடு என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். இரண்டு பெண்களும் என் காரின் பின்சீட்டில். முதல் சிக்னல் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். குடிகாரன் போலத் தள்ளாடிச் சண்டை போடும் முறையை விளையாட்டில் சேர்க்கலாமா கூடாதா என்று. அது மிங் காலத்தில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றாள் மெய்லின். ஆதாரம் இல்லாவிட்டால் என்ன, அழகு இருக்கிறதே என்றாள் ஷெரின். நீ எப்போதும் இப்படித்தான், நீ மட்டும் என்ன ஒழுங்கா என்று குரல் உயர்ந்தது. நான் நேர் வழியை விட்டுவிட்டு, கடற்கரைச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

"அம்மா, நீ சொல்லு. சேக்கலாமா வேணாமா?" என்றாள் ஷெரின், தமிழில்.

என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறாள்! ஆனாலும் நான் சபைக்காரி, விட்டுக்கொடுக்க முடியாது. "குடிச்சிட்டு எவனாவது நேரா நிப்பானா? நாறிப் போயிடும். எடுத்துடுங்க" என்றேன். மெய்லினுக்காக அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன்.

"அம்மா! அவன் நிஜமா குடிக்கல, குடிச்ச மாதிரி நடிக்கிறான்!"

"ஆன்ட்டி, அதுதான் சூட்சுமமே!" இது மெய்லின். இதுவரை அந்த முறையே கூடாது என்று சாதித்தவள்.

பின்சீட்டிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு தலைகள் முன்னால் நீண்டுவந்து, ஒரே நேரத்தில், ஒரே கட்சியாக, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நிரூபிக்க ஆரம்பித்தன. வீடு வரும் வரைக்கும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.